ஐம்பதின் பின் சுக்கான் பிடித்தல்

ஐம்பது வயதின் பின் மோட்டார் வண்டி பழகப் புகுவோர் அஞ்சுதல் கண்டு நகைப்பாருளர். அது தகாது என்போம். 1990ஆம் ஆண்டின் பொருளாதாரத் தடையோடு யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. எஞ்சிய பழைய கார்கள் மண்ணெண்ணெயிற் புகைந்தோடின. கற்கவேண்டிய பருவத்தில் நம்மவருட் பலர்க்கு வாய்த்தது துவிச்சக்கர வண்டியே. ஆதலின் அவ்வச்சம் கோழைமையன்று, பழக்கமின்மையே. அருகிருந்து அதட்டுவோர் (பெரும்பாலும் மைத்துனர்!) அதனை வளர்ப்பர். ஆளற்ற வெளியிற் கிளச்சும் பிறேக்கும் காலுக்குப் பழகுக, சந்திகள் பின்னாகுக, கண்டி வீதி அதற்கும் பின்னாகுக. மக்கள் பிறநாடு சென்றபின், நள்ளிரவில் நோயுற்ற மனைவியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வார் யாவர்? விடுமுறைக் காலைகளிற் கல்லூரி வளவை, துடுப்பாட்டக் களத்துக்கு ஊறின்றி, இப்பயிற்சிக்குத் திறந்துவிடுமாறு பழைய மாணவர் சங்கம் அதிபரை வேண்டுதல் நன்று.