சங்கு ஊதாத வேலை

ஆலையில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று பொருள். தொழிலாளி முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுவான். அதற்குப் பிறகு அவன் நேரம் அவனுக்குச் சொந்தம்.

இப்போது வேலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள், "வீட்டில் இருந்தே வேலை பாருங்கள்" என்று சிப்பந்திகளிடம் கூறின. நோய் தணிந்தது. ஆனால் அந்த வழக்கம் அடியோடு போய்விடவில்லை. சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்று பல கம்பெனிகளில் வேலை நடக்கிறது.

இதில் நன்மை உண்டு. பஸ்சில் இடிபட வேண்டாம். சொந்த ஊரில் பெற்றோருடன் இருக்கலாம். சூடாகச் சாப்பிடலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் வீட்டில் சங்கு ஊதுவது யார்?

இரவு மணி 10. குழந்தை தூங்கிவிட்டது. தட்டில் சோறு ஆறுகிறது. மகன் இன்னும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறான். "வீட்டில்தானே இருக்கிறான், கூப்பிட்டால் என்ன?" என்று மேலதிகாரி நினைக்கிறார். "வீட்டில்தானே இருக்கிறான், கடைக்குப் போய் வந்தால் என்ன?" என்று வீட்டாரும் நினைக்கிறார்கள். வேலை பார்ப்பவள் மருமகளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுப்பும் அவள் தலையில். ஆபீசும் அவள் தலையில்.

எட்டு மணி நேர வேலை என்பது சும்மா கிடைத்த சலுகை அல்ல. அதற்காக 1886-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரத்தம் சிந்தினார்கள். 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்றது. இப்படிப் பாடுபட்டுப் பெற்றதை, வீட்டு வாசற்படிக்குள் பறிகொடுக்கலாமா?

உடம்பும் இதைத் தாங்காது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று அது கூறுகிறது.

வீட்டில் இருந்து வேலை பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. நெல்லைச் சீமையில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே கணக்கில் சேர்த்தது. வீட்டுக்குள் நடந்தாலும் வேலை வேலைதான் என்பதை நம் நாடு அன்றே ஒப்புக்கொண்டது.

பிற நாடுகள் விழித்துக்கொண்டன. வேலை நேரம் முடிந்த பின் சிப்பந்திகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கருத்து, பிரான்சில் 2017-லும், போர்ச்சுகலில் 2021-லும், ஆஸ்திரேலியாவில் 2024-லும் சட்டத்தில் ஏறியது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் தேவை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் வேலை முடியும் மணியைத் தீர்மானித்து அறிவிக்கலாம். அதன் பிறகு, பெரிய அவசரம் தவிர, போன் செய்யாமல் இருக்கலாம். தனியாக உட்கார்ந்து உழைப்பவருக்கு மனச் சோர்வு வரும். அதிகாரி வாரம் ஒரு முறையாவது, வேலைக் கணக்கை விட்டுவிட்டு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரிக்கலாம்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. வேலை நேரத்தில் பிள்ளையோ மருமகளோ ஆபீசில் இருப்பதாகவே நினையுங்கள். சமையலையும் குழந்தையையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும், "எழுந்து வா, சாப்பிடலாம்" என்று உரிமையோடு கூப்பிடுங்கள்.

உழைப்பவரும் அந்த மணியில் கம்ப்யூட்டரை மூடிவிட வேண்டும். தெருவில் நாலு பேருடன் பேசி வர வேண்டும்.

வீட்டில் ஆலைச் சங்கு இல்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதை எல்லோரும் மதித்தால் போதும்.