கையடக்கக் கணினியும் கரும்பலகையும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானம் நுழையாத துறை இன்று எதுவும் இல்லை. ஏர் உழுத நிலத்தில் டிராக்டர் ஓடுகிறது. காய்கறிக் கடையிலும் செல்போனில் பணம் கைமாறுகிறது. அப்படியிருக்க, அரிச்சுவடி மட்டும் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? 2024-ஆம் ஆண்டில் நம் மாநில அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் வழங்கப்பட்டன. பாடம் சொல்லவும், பயிற்சி கொடுக்கவும், தேர்வு வைக்கவும் செயலிகள் வந்துவிட்டன.

இதைக் குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. கருவி வந்துவிட்டது, இனிக் கல்வி தானே வளரும் என்பது ஒரு கட்சி. கண் கெடும், கையெழுத்தும் கெடும், ஆகவே வேண்டாம் என்பது மறு கட்சி. இரு சாராரும் கருவியையே பார்க்கின்றனர். அதன் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

உலகில் இரண்டு இடங்களில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் பெரு நாடு, 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தைப் பெரும் அளவில் செயல்படுத்தியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 15 மாதங்கள் கழிந்த பிறகும் கணக்கிலோ மொழியிலோ பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. காரணம் என்ன? கணினி வந்தது, ஆனால் அந்த வகுப்பின் கணக்குக்கும் மொழிக்கும் நேரே பொருந்தும் பயிற்சிகள் அதனுடன் வரவில்லை.

இனி ஆப்பிரிக்காவின் தான்சானியா. 2019-இல் முடிவு அறிவிக்கப்பட்ட 'குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ்' போட்டிக்காக, அந்நாட்டின் 170 கிராமங்களில் சுமார் 3,000 பிள்ளைகளுக்குக் கையடக்கக் கணினிகள் கொடுக்கப்பட்டன. சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றினார்கள். பாடம் அவர்கள் அறிந்த சுவாஹிலி மொழியிலேயே இருந்தது. ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு அந்தந்தப் பிள்ளையின் வேகத்திலேயே அழைத்துச் சென்றது. தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒரு சொல்லைக்கூட வாசிக்க அறியாதவர்கள். 15 மாதங்களில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகள் பெரும்பாலோராக இருந்த இடத்தில் இது பெரிய காரியம். ஆயினும் அந்த மீதிப் பாதியை நாம் மறந்துவிடலாகாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது, முகம் பார்த்துப் பேசும் ஓர் ஆசிரியர் என்றே நான் கருதுகிறேன்.

இவ்விரண்டும் சொல்லும் பாடம் ஒன்றே. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில், அதன் தாய்மொழியில் பாடம் வந்தால் கருவி பலன் தரும். இல்லையேல் அது விலையுயர்ந்த சிலேட்டு.

நம் தொடக்கப் பள்ளிகளில் ஒரே அறையில் எழுத்துக் கூட்டும் பிள்ளையும் இருக்கும், கதை வாசிக்கும் பிள்ளையும் இருக்கும். இதை உணர்ந்துதான் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் என்பதைச் செயலியில் பதிவு செய்யும் முறையும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் இயற்பியல் படிக்கும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வெப்பமானி காய்ச்சலின் அளவைச் சொல்லும், காய்ச்சலைத் தீர்க்காது. அளந்து முடித்தபின் மருந்து கொடுக்க நேரம் வேண்டும். பதிவு செய்வதிலும், இணையம் கிடைக்காமல் காத்திருப்பதிலும் ஆசிரியரின் பொழுது கழியுமானால், அரும்பு அரும்பாகவே நிற்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பள்ளியில் புரியாத பாடத்தை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இருந்ததில்லை. இத்தகைய வீடுகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் அருகில் வந்து குனிந்து சொல்லும் ஐந்து நிமிடந்தான் ட்யூஷன். அந்த ஐந்து நிமிடத்தைக் கருவி மிச்சப்படுத்திக் கொடுத்தால் அது வரம், பறித்துக்கொண்டால் சாபம். 'மீதியை வீட்டில் செல்போனில் செய்து வா' என்பதும் அவர்களுக்குப் பொருந்தாது. தகப்பனார் வேலைக்குப் புறப்படும்போது வீட்டின் ஒரே போனும் அவருடன் புறப்பட்டுவிடும். அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. செயலியில் வரும் பயிற்சி பாடநூலோடும் பிள்ளையின் நிலையோடும் பொருந்த வேண்டும். இணையம் இல்லாதபோதும் இயங்க வேண்டும். பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும், அல்லது அந்த வேலை குறைய வேண்டும். செயலிப் பயிற்சி பள்ளி நேரத்துக்குள்ளேயே முடிய வேண்டும். பென்சில் பிடித்து எழுதும் நேரத்தை அது தின்னக் கூடாது.

செலவு கூடுமே என்பார்கள். கூடட்டும். கருவி வாங்கப் பணம் உண்டு, அதைப் பயன்படுத்தும் ஆளுக்குப் பணம் இல்லை என்பது, மாடு வாங்கிவிட்டுக் கயிறு வாங்க யோசிப்பதைப் போன்றது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியர்கள் ஆவோம். இன்னும் பலர் பெற்றோர் ஆவோம். பள்ளிக்கு எத்தனை கணினி வந்தது என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை இந்த மாதம் எத்தனை சொற்களைப் புதிதாக வாசித்தது என்று கேட்போம். அதற்குப் பதில் கிடைக்கும் பள்ளியில்தான் விஞ்ஞானம் உள்ளபடியே நுழைந்திருக்கிறது.