மகளுக்குக் கல்லூரி தேடுகிறீர்களா, பஸ் ரூட் தேடுகிறீர்களா?

பதிவு கொஞ்சம் நீளம். பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பொறியியல் கலந்தாய்வு நெருங்கியதிலிருந்து எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. கூப்பிடுகிறவர்கள் என்னிடம் நாலாவது, அஞ்சாவது படித்தவர்கள். இன்று அப்பாக்கள். ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், பொண்ணு கட்-ஆஃப் 196. கிண்டியில எலக்ட்ரிக்கல் கிடைக்கும்ங்கிறாங்க. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யும் கிடைக்கலாமாம். ஆனா மதுரையிலேயே போட்டுடலாம்னு இருக்கோம். காலேஜ் பஸ் நம்ம தெருமுனைக்கே வருது."

இதே மனிதர் மூன்று வருடம் முன்பு மகனுக்காகக் கூப்பிட்டார். அப்போது கேட்டது வேறு. எந்தக் கல்லூரியில் நல்ல கம்பெனி வருகிறது, எங்கே வாத்தியார்கள் நன்றாக நடத்துகிறார்கள், சென்னையா கோவையா. பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகனுடைய கட்-ஆஃப் மகளைவிட எட்டு மார்க் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரை தியாகராசர் 1957-ல் தொடங்கிய, அரசு உதவி பெறும் நல்ல கல்லூரி. அதை விரும்பி எடுக்கிற பெண்ணுக்கு என் ஆசி முழுசாக உண்டு. என் சண்டை எந்தக் கல்லூரியோடும் இல்லை, நீங்கள் சொல்லும் காரணத்தோடுதான். மகனிடம் சொல்லாத காரணத்தை மகளிடம் சொல்லாதீர்கள். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வரும்போது மாணவிகள் தேர்ச்சி அதிகம் என்று செய்தி வருகிறது. ஸ்வீட் வாங்கி, ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடுகிறோம். இரண்டே மாதத்தில் அந்த மார்க்கை எடுத்து பஸ் டைம்டேபிளில் சொருகி விடுகிறோம். இதற்கா அந்தப் பிள்ளை விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தாள்?

இனி நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

"வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை, அதுதான் டீச்சர் நல்லது." கணக்குப் போடுவோம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நாளுக்கு மூன்று மணி நேரம். வருடத்துக்கு 180 நாள் என்று வைத்தாலும் நாலு வருடத்தில் 2160 மணி நேரம். அதாவது ராப்பகலாக 90 நாள் உங்கள் மகள் பஸ்ஸிலேயே இருக்கிறாள். விடுதிப் பிள்ளை அந்த நேரத்தில் லேபில் இருப்பாள், நூலகத்தில் இருப்பாள், இல்லை நிம்மதியாகத் தூங்குவாள். உங்கள் மகள் வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் வேறு துலக்குவாள். மகன் துலக்குவானா?

"காலம் கெட்டுக் கிடக்கு டீச்சர். கிண்டியில என்ன நடந்துச்சுன்னு பார்த்தீங்கள்ல?" பார்த்தேன். 2024 டிசம்பரில் அந்த வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை என் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்தாள். 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை அவனுக்குத்தான் வர வேண்டும், வந்தது. நீங்கள் ஏன் உங்கள் மகளுக்கும் ஒரு தண்டனை எழுதுகிறீர்கள்? பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடு கல்லூரிக்குப் போய் விடுதியைப் பாருங்கள். வார்டன் யார், இரவில் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வார்கள், புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள் என்று கேளுங்கள். அங்கே படிக்கிற சீனியர் பெண்களிடம் உங்கள் மகளைத் தனியாகப் பேச விடுங்கள். வீட்டில் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்றால் நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் எதுவுமே நடந்திருக்கக் கூடாதே.

"செலவு தாங்காது." உண்மையிலேயே தாங்காதவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை தனியாக உண்டு. இத்தனையும் கேட்டுவிட்டு, "நகை சேர்க்கணுமே டீச்சர்" என்கிறார் ஒருவர். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாமல் நின்றபோது, அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். மேடைக்கு மேடை இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். தங்கை படிக்க எந்த அண்ணன் பைக்கை விற்றான் என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

"ரொம்பப் படிச்சா மாப்பிள்ளை அமையாது." இதற்குப் பதில் எழுதி என் கட்டை விரலை நோகடிக்க மாட்டேன்.

கிண்டியில் பொறியியல் படிக்க நுழைந்த முதல் பெண் அ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கணவர் போய்விட்டார், கையில் சில மாதக் குழந்தை. 1940-ல் அந்தக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் சேர்ந்தார். அங்கேயே பேராசிரியராக இருந்த அப்பா சுப்பாராவ் மகளுக்காக முதல்வரிடம் போய் இடம் கேட்டார். அடுத்துக் கேரளத்திலிருந்து தெரேசியா வந்து சிவில் படித்தார். பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். எண்பது வருடம் முன்பே அந்த அப்பாக்கள் அனுப்பினார்கள். கையில் செல்போனும் வீடியோ காலும் வைத்துக்கொண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள். நானே 1977-ல் பதினேழு வயதில் ஆசிரியர் பயிற்சிக்காக இரண்டு வருடம் விடுதியில் இருந்தவள். அன்று என் அப்பா பஸ் ரூட் பார்த்திருந்தால் உங்களுக்கு இந்த டீச்சர் கிடைத்திருக்க மாட்டாள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

விருப்பப் பட்டியலை மகள் கையால் எழுதச் சொல்லுங்கள். பலருக்கு இதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கிறதும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தரவரிசையில் அவள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறார்கள். அதனால் மனசுக்குப் பிடித்தது முதலில், அதற்கு அடுத்தது இரண்டாவதாக. ஒதுக்கீடு வந்த பிறகும், கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்க வழி உண்டு. ஆனால் எழுதாத கல்லூரி எந்தக் கட்-ஆஃபுக்கும் கிடைக்காது.

இரண்டு கல்லூரிக்கு நடுவில் குழப்பமா? இரண்டையும் மகளோடு நேரில் போய்ப் பாருங்கள். அவள் கேட்ட பிரிவில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், லேப் வேலை செய்கிறதா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள். பார்த்துவிட்டு அவள் "எனக்கு மதுரைதான் பிடிச்சிருக்கு" என்றால் சந்தோஷமாகச் சேருங்கள். அது அவள் முடிவு.

ஒன்று கவனித்தேன். பல வீடுகளில் கலந்தாய்வு பாஸ்வேர்டு அப்பா போனில், ஓ.டி.பி. மாமா போனில். 196 வாங்கிய பிள்ளைக்குத் தன் பட்டியலில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்று ராத்திரியே அந்தப் போனை அவளிடம் கொடுங்கள்.

திட்ட வேண்டும் என்பவர்கள் கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். கையில் பிரம்பு இல்லை, பயப்படாதீர்கள். வீட்டில் பேச முடியாமல் தவிக்கிற பேத்திகள் எனக்கு நேராகப் போன் பண்ணுங்கள். உங்கள் அப்பாவுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். நான் பேசினால் கேட்பான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்