ஊதல் பிடிக்கவும் ஒரு பிள்ளை வேண்டும்



இம்முறை இலக்கணத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ எழுதவில்லை. திடலில் ஊதலோடு ஓடும் நடுவரைப் பற்றி எழுத விழைகிறேன். அதற்கு முன்னர், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜொகூரில் இரு தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே நடைபெற்ற நட்புமுறைக் காற்பந்தாட்டத்திற்கு எங்கள் அணியை அழைத்துச் சென்றிருந்தேன். அணியில் இடம் கிடைக்காத ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் முகம் வாடி நின்றான். அவன் மனம் நோகக் கூடாதே என்பதற்காக ஒரு கொடியைக் கையில் கொடுத்து, எல்லைக்கோட்டு நடுவராக நிற்கச் சொன்னேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது எங்கள் அணி ஒரு கோல் போட்டது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். அவனோ கொடியை உயர்த்தியபடி நின்றான். கோலடிப்பதற்கு முன்பே பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்றான். கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் அவனிடம், “நீ எந்தப் பள்ளிப் பிள்ளை?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பேருந்தில் ஏறியதும் கொடியைச் சுருட்டி என் இருக்கையில் வைத்துவிட்டுப் பின்வரிசைக்குச் சென்று அமர்ந்தான். ஆண்டிறுதிவரை அவன் அந்தக் கொடியை மீண்டும் தொடவேயில்லை.

பந்து கோட்டைத் தாண்டியதை நானும் பார்த்திருந்தேன் என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

அண்மையில் அனைத்துலக ரக்பி நடுவர் நைஜல் ஓவன்சின் வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோது அந்நிகழ்ச்சி மீண்டும் நெஞ்சைத் தைத்தது. ரக்பி நம் தமிழ்ப்பள்ளிகளில் பரவலாக விளையாடப்படுவதில்லை. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகே நம் பிள்ளைகளுட் சிலர் அந்த நீள்வட்டப் பந்தைத் தொட்டுப் பார்க்கின்றனர். ஆயினும் இவருடைய கதை நமக்கு மிகவும் நெருக்கமானது.

ஓவன்ஸ் 1971ஆம் ஆண்டு பிறந்தவர். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்சு நாட்டின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவர். தாய்மொழி வேல்சு. ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில், வேல்சு மொழிவழியே பாடம் நடத்தும் இடைநிலைப்பள்ளியில் பயின்றார். தாய்மொழிப் பள்ளியில் படித்தால் எதிர்காலம் என்னவாகும் என்று நம்மவர் கேட்கும் கேள்வி அங்கேயும் கேட்கப்பட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பள்ளி அணியில் அவர் சிறந்த ஆட்டக்காரர் அல்லர். ஓர் ஆட்டத்தில் வெற்றியைத் தரவேண்டிய உதையைத் தவறவிட்டார். சலித்துப்போன விளையாட்டு ஆசிரியர், பேசாமல் நடுவர் வேலைக்காவது போ என்னும் பொருள்பட ஏதோ சொன்னார். அதைச் சிறுவன் உண்மையாகவே எடுத்துக்கொண்டான். 1987இல், தம் பதினாறாவது வயதில், ஓவன்ஸ் ஊதலைக் கையில் எடுத்தார்.

அதன் பிறகு நடந்தவற்றைப் பெற்றோர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் எவரும் அவரைப் பெரிய அரங்கில் நிறுத்தவில்லை. பள்ளி ஆட்டங்கள், சிற்றூர்க் கழக ஆட்டங்கள் எனப் படிப்படியாக ஏறினார். பிழைப்புக்காகத் தாம் படித்த பள்ளியிலேயே தொழில்நுட்ப உதவியாளராகப் பணியாற்றினார். இளையோர் பணியாளராகவும் இருந்தார். 2001ஆம் ஆண்டில்தான் முழுநேர நடுவரானார். 2005இல் ஜப்பானின் ஒசாக்கா நகரில், ஜப்பானும் அயர்லாந்தும் மோதிய ஆட்டத்தில் முதன்முறையாக அனைத்துலக நடுவராக நின்றார். 2015 அக்டோபர் 31ஆம் நாள், இலண்டன் டுவிக்கன்ஹாம் அரங்கில், நியூசிலாந்து 34-17 என ஆஸ்திரேலியாவை வென்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நடத்தியவர் அவரே. சலிப்பில் ஓர் ஆசிரியர் சொன்ன சொல்லுக்கும் அந்த இறுதியாட்டத்திற்கும் இடையே 28 ஆண்டுகள்! 2020 நவம்பரில் பிரான்சும் இத்தாலியும் மோதிய ஆட்டத்தோடு, 100 அனைத்துலக ஆட்டங்களை நடத்திய முதல் ரக்பி நடுவர் என்னும் சிறப்பைப் பெற்று, அத்துடன் அனைத்துலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ் அவ்வெண்ணிக்கையைக் கடந்தார். அவர் ஒரு வழக்கறிஞர் என்பது கூடுதல் செய்தி.

ரக்பி நடுவரின் பணியையும் சற்று எண்ணிப் பாருங்கள். அணிக்கு 15 பேராக 30 பேர் முட்டி மோதும் ஆட்டம், 80 நிமிடம். அவர்களோடு ஓடிக்கொண்டே நடுவர் பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். ஏன் தண்டனை வழங்கினேன் என்று விளக்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் அவர் அணிந்திருக்கும் ஒலிவாங்கி வழியே அவர் பேசுவது தொலைக்காட்சி பார்ப்போர்க்கெல்லாம் கேட்கும். தீர்ப்பைப் பற்றிப் பேசும் உரிமை அணித்தலைவருக்கு உண்டு. மற்றவர் வாயாடினால் தண்டனை உதை பத்து மீட்டர் முன்னே நகரும். மேலே சொன்ன இறுதியாட்டத்தில் நியூசிலாந்து வீரர் ஒருவருக்கு ஓவன்ஸ் மஞ்சள் அட்டை காட்டினார். ஏறத்தாழ 80,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவ்வீரர் பத்து நிமிடம் வெளியே அமர்ந்துவிட்டுத் திரும்பினார். அட்டை காட்டியதற்காக எவரும் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிடவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று சிலர் சொல்லக்கூடும். கடற்பாலத்தைக் கடந்து பாருங்கள். 1974ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடைபெற்ற உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில், மியூனிக் நகரில் போலந்து 7-0 என ஹைத்தியை வென்ற ஆட்டத்தின் நடுவர், சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா. 2006இல் அதே சிங்கப்பூரின் சம்சுல் மைடின் உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களை நடத்தினார். சிங்கப்பூரின் காற்பந்து அணி உலகக் கிண்ண இறுதிச்சுற்றில் இதுவரை ஆடியதில்லை. நம் மலேசிய அணியும் ஆடியதில்லை. அணி நுழைய முடியாத திடலில் ஒரு தமிழ்ப் பெயர் ஊதலோடு நுழைந்தது! இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

தமிழகத்திலும் சான்று உண்டு. சென்னையின் எஸ். வெங்கட்ராகவன் பொறியியல் படித்தவர். இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடி, 1975, 1979 உலகக் கிண்ணப் போட்டிகளில் அணித்தலைவராகவும் இருந்தவர். அவர் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்றார். 1999 உலகக் கிண்ண அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் சமநிலையில் முடித்த, இன்றளவும் பேசப்படும் ஆட்டத்தின் இரு களநடுவர்களுள் அவரும் ஒருவர். ஆடியதைக் காட்டிலும் அதிகமான டெஸ்ட் ஆட்டங்களை அவர் நடுவராக நின்று நடத்தியுள்ளார்.

நடுவர் பணியில் எல்லாருக்கும் பெரும்பொருள் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் பெரும்பாலான நடுவர்கள் வேறு பணி செய்துகொண்டே வார இறுதியில் ஊதல் ஊதுகின்றனர். ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கும் ஓங்கி உதைக்கத் தெரிந்தவனுக்கும் மட்டுமே திடலில் இடம் உண்டு என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். அது பொய். விதிகளைக் கருத்தூன்றிப் படிப்பவனுக்கும், பதற்றமின்றிப் பேசத் தெரிந்தவளுக்கும் அங்கே இடம் உண்டு. தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு கூடுதல் வாய்ப்பன்றோ?

திருக்குறளில் ‘நடுவு நிலைமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதன் பத்துக் குறளையும் ஒப்புவிக்கும் மாணவருக்குப் பரிசு கொடுக்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் அதைத் திடலில் கடைப்பிடித்த மாணவனை நான் என்ன செய்தேன்? ‘நீ எந்தப் பள்ளிப் பிள்ளை?’ என்று கேட்டேன். நம் பக்கம் நின்றால்தான் நம் பிள்ளை என்று அவனுக்குப் பாடம் நடத்தினேன். நாளை அவன் ஓர் அலுவலகத்தில், ஒரு சங்கத்தில் பொறுப்பேற்கும்போது எந்தப் பாடம் அவன் நினைவுக்கு வரும்? குறளா, என் கேள்வியா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டிகளில் மாணவ நடுவர்களை நியமிப்போம். ஆட்டத்தில் இடம் கிடைக்காதவனுக்கு ஆறுதற்பரிசாக அப்பொறுப்பைத் தர வேண்டா. விதிகளைக் கற்பித்து, தேர்வு வைத்து, தகுதியுடையோரைத் தேர்ந்தெடுப்போம். பரிசளிப்பு விழாவில் சிறந்த ஆட்டக்காரரோடு சிறந்த நடுவரையும் மேடையேற்றுவோம்.

இரண்டு, ஆசிரியர்களில் ஓரிருவராவது முறையான நடுவர் பயிற்சி பெற்று வருவோம். விதி தெரியாத ஆசிரியரால் நடுவரை உருவாக்க முடியாது.

மூன்று, பெற்றோர்களுக்கு. திடலோரம் நின்று நடுவரை ஏசாதீர்கள். நீங்கள் ஏசுவது ஊதல் பிடித்தவரை மட்டுமன்று. தவறிழைத்தால் ஒப்புக்கொள்ளலாம், தோற்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்று உங்கள் பிள்ளை கற்றுக்கொண்டிருந்த பாடத்தையும் சேர்த்தே ஏசுகிறீர்கள். ஏசியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டோ இல்லையோ, கடமை உண்டு.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். வாரச் சந்தையில் தாயாரோடு அவ்வப்போது கண்ணில் படுவான், வணக்கம் சொல்வான். நானும் நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்த முறை அவ்வாறு நகரப்போவதில்லை. “அன்று பந்து கோட்டைத் தாண்டிவிட்டது தம்பி, நானும் பார்த்தேன்” என்று அவன் தாயார் முன்னிலையிலேயே சொல்வேன். அவன் சுருட்டி வைத்த கொடி இன்னும் என் பேழையில்தான் இருக்கிறது.

சிந்திப்போம், செயல்படுவோம்.