பொயிலரின் திருகைக் கூட்டினால் வீடு சூடாகாது



போன தை மாதம் முழுக்க நான் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் படித்தேன். வெளியில் பனி கொட்டுது, உள்ளே ரேடியேற்றர் சீறுது, நான் ரீசேட்டோடு இருக்கிறேன். இரண்டு மாடிக்குக் கீழே, அதே வீட்டில், ஒரு அன்ரி ஸ்வெற்றருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு குசினியில் நிற்கிறா. ஒரே வீடு, ஒரே பொயிலர்.

நியூயோர்க் குயின்ஸில் இருக்கிற பழைய மூன்று குடும்ப வீடு அது. நடுமாடியில் வீட்டுக்காரர். எங்கட ஆள்தான், அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். பொங்கல் அன்று கதவைத் தட்டி சக்கரைப் பொங்கல் தந்துவிட்டுப் போவார். அன்ரி "தம்பி, குளிர் தாங்கேலாமக் கிடக்கு" என்று சொல்லும்போதெல்லாம் அவர் சண்டை பிடிக்கவில்லை, சாட்டுச் சொல்லவில்லை. பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய், பொயிலரில் இருக்கிற பிரஷர் திருகைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வருவார். "இப்ப சரி வந்திடும் அக்கா."

சரி வரவில்லை. இரவில் குழாய்க்குள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம்தான் கூடிச்சுது. அன்ரி ஒரு மின் ஹீற்றர் வாங்கி, எக்ஸ்ரென்ஷன் வயரில் சொருகி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தா. அந்த வயரைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. 2022 ஜனவரி 9 அன்று பிராங்ஸில் ட்வின் பார்க்ஸ் கட்டடத்தில் 17 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள், அதில் 8 பேர் பிள்ளைகள். பலர் கம்பியாவில் இருந்து வந்த குடும்பங்கள். தீ தொடங்கினது ஒரு மின் ஹீற்றரில்.

எங்கட குழுவில் நாங்கள் வாடகைக்காரர்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறோம். ஒக்ரோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 பாகை ஃபாரன்ஹைட்டுக்குக் கீழே போனால் உள்ளே குறைந்தது 68 இருக்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 வரை 62. இல்லையென்றால் 311க்கு அடி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்த அறிவு பேஸ்மென்ற் கதவோடு நின்றுவிடுகிறது. அது பிழை என்பதுதான் இன்றைக்கு என்னுடைய வாதம். அறைக்குள் எத்தனை பாகை என்றுதான் சட்டம் கேட்கும், ஏன் என்று கேட்காது. ஏன் என்று தெரியாத வீட்டுக்காரர், நல்லவரோ கெட்டவரோ, திருகைத்தான் கூட்டுவார்.

அந்தத் திருகு என்ன செய்யுது? பொயிலரின் மேலே சின்னதாக ஒரு சாம்பல்நிறப் பெட்டி இருக்கும். பிரஷர்ட்ரோல் என்பார்கள். அது வீட்டைச் சூடாக்கிற கருவி இல்லை. நீராவி அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் நெருப்பை நிறுத்துகிற சுவிட்ச், அவ்வளவுதான். வெளியே இருக்கிற திருகு, எந்த அழுத்தத்துக்கு இறங்கினால் நெருப்பு திரும்ப மூளலாம் என்பதை வைக்கும். அது கட்-இன். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னச் சில்லு, அது இடைவெளி. இரண்டையும் கூட்டினால் நெருப்பு நிற்கிற இடம், கட்-அவுட் (சினிமா நடிகருக்குப் பால் ஊத்துற கட்-அவுட் இல்லை). கட்-இன் அரை இறாத்தல், இடைவெளி ஒன்று, ஆகவே ஒன்றரையில் நிற்கும். ஒற்றைக் குழாய் நீராவி வீட்டுக்கு அது தாராளம். எங்கட வீட்டில் அது ஐந்தைத் தாண்டி இருந்தது.

கூட்டினால் சூடும் கூடத்தானே வேணும் என்று நானும் நினைத்தேன். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒன்றரை இறாத்தலில் நீராவி ஏறத்தாழ 103 பாகை செல்சியஸ், ஐந்தில் 108. அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கு மேல, அழுத்தம் கூடினால் நீராவி நெருங்கிக்கொள்ளும். அதே நெருப்பில் உருவாகிற நீராவி குழாயில் இன்னும் மெதுவாகத்தான் போகும். பொயிலரில் இருக்கவேண்டிய தண்ணீரும் குழாயில் ஏறும், வால்வு துப்பும், கேஸ் வீணாகும்.

அப்ப அன்ரிக்கு ஏன் குளிர்? குழாய்க்குள்ளே காத்து. நீராவி வர முதல் அந்தக் காத்து வெளியேற வேணும். பேஸ்மென்றில் பெரிய குழாயின் நுனியில் அதுக்கென்று ஒரு வால்வு இருக்கும். எங்கடது துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. பொயிலருக்குக் கிட்ட இருக்கிற என் பக்கத்துக் குழாய் முதலில் கொதிக்கும், பிறகு நடுமாடி. தேர்மோஸ்ராற் நடுமாடியில் என்றபடியால், அன்ரியின் பின்னறைக்கு நீராவி போய்ச் சேர முதலே "போதும்" என்று நெருப்பை நிறுத்திவிடும். குறைவாக இருந்தது அழுத்தம் இல்லை, காத்து போக வழி. (இதில் அரசியல் உவமை தேடுகிற தோழர்கள் தாங்களே தேடிக்கொள்ளட்டும்.)

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. ஒவ்வொரு இலையுதிர் காலமும் பொயிலரைச் சுத்தம் செய்ய வருகிற ஈக்குவடோர்த் தொழிலாளி பத்து நிமிஷத்தில் சொன்னது. பிரஷர்ட்ரோலுக்குக் கீழே பன்றிவால் மாதிரிச் சுருண்ட ஒரு குழாய் இருக்கு. அது சேற்றால் அடைபட்டால் சுவிட்சுக்கு அழுத்தமே தெரியாது, திருகை எங்கே வைத்தாலும் பிரயோசனம் இல்லை. எங்கடது அடைபட்டுத்தான் இருந்தது. "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று அங்கிள் கேட்டார். "நீங்கள் கேக்கேல்லையே" என்றார் அவர். டான் ஹோலஹன் என்கிற வெப்பமூட்டல் வரலாற்றாளர் எழுதினதையும் அவரே சொன்னார்: 1918 இன்ஃபுளுவென்சாவுக்குப் பிறகு, யன்னல் திறந்திருந்தாலும் வீடு சூடாக இருக்கவேண்டும் என்று பொயிலர்களைத் தேவைக்கு மேல் பெரிசாகப் போட்டார்களாம். யன்னலைத் திறந்து வைத்திருந்த எனக்கு வெட்கமாகப் போச்சு.

குழுவில் ஒரு தோழர் கேட்டார்: வீட்டுக்காரனின் வேலையை நாங்கள் ஏன் சும்மா செய்து குடுக்கவேணும்? பாதி ஒத்துக்கொள்கிறேன். நான் திருகைத் தொடவில்லை, நீங்களும் தொடவேண்டாம். நெருப்பும் கரண்டும் இருக்கிற இடம். மின்சாரத்தை நிறுத்தி, பொயிலர் ஆறின பிறகு, தெரிந்தவர் செய்கிற வேலை. ஆனால் செய்வது வேறு, தெரிந்திருப்பது வேறு. சித்திரையில் அங்கிள் கேஸ் பில்லைக் கொண்டுவந்து காட்டி, வாடகை கூட்டவேணும் என்றார். ஐந்து இறாத்தலில் எரித்த கேசுக்கு அன்ரி ஏன் காசு கட்டவேணும் என்று என்னால் கேட்க முடிந்தது. அவர் கோபித்துக்கொண்டார். இந்த முறை பொங்கல் வரவில்லை. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

இப்போது கட்-அவுட் ஒன்றரையில், புது வால்வு போட்டாச்சு, அன்ரியின் பின்னறை சூடாகுது, ஹீற்றர் அலுமாரிக்கு மேல். என் அறை இன்னும் கொதிக்குது, அது வேற வால்வு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கட வீட்டுப் பொயிலரின் படம் ஒன்று, கேட்டு அனுமதி வாங்கி, எடுத்து வாருங்கள். கேஜை மட்டும் எடுக்காதீர்கள்: 30 வரை எண் போட்ட கேஜில் ஒன்றரை இறாத்தல் ஊசியின் தடிப்புக்குள்ளேயே மறைந்துவிடும். சாம்பல்நிறப் பெட்டி, பன்றிவால், பெரிய குழாயின் நுனி, இந்த மூன்றும் தெரிகிற மாதிரி எடுங்கள்.