கையும் கௌரவமும்

நம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு விநோதமான கௌரவம் குடியிருக்கிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாது என்பதை வீட்டுத் தலைவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். "நமக்கு அதெல்லாம் வராது, சார்!" கணக்கு வராது, இங்கிலீஷ் வராது என்றால் தலைகுனிகிற மனிதர்தான் இவர். கை வேலை வராது என்பது மட்டும் எப்படிப் பெருமை ஆயிற்று?

கட்டில் கால் ஒன்று ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு ஆப்பு ஒன்றைச் சீவி, பசை தடவி இறுக்கினால் தீர்ந்தது காரியம். ஆனால் என்ன நடக்கிறது? முதலில் காலுக்கடியில் மடித்த செய்தித்தாள் போகிறது. "ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூப்பிடலாம்" என்கிறார் ஐயா. ஞாயிற்றுக்கிழமைகள் வருகின்றன, போகின்றன. கடைசியில் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில் பழைய சாமான் கடைக்குப் போய், மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகையில் செய்த புதுக் கட்டில் தவணை முறையில் வந்து சேருகிறது. அந்தப் பலகை ஓர் ஐப்பசி மழையின் ஈரத்தைக் குடித்தால் உப்பிவிடும். ஒரு தரம் பிய்ந்துகொண்டு வந்த திருகு அதே துளையில் மறுபடி பிடிக்காது. தவணை முடியும் முன் கட்டில் முடிந்துவிடும்.

மரத்தின் சுபாவத்தையே நாம் மறந்துவிட்டோம். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்கிறது. மரம் ஈரத்தை இழுத்து, இழைக்குக் குறுக்கே பருப்பதுதான் காரணம். நீளவாட்டில் அநேகமாக மாறுவதில்லை. வெயில் வந்தால் தானே சுருங்கும். விஷயம் தெரிந்த தச்சர், "தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். நாம் விடுகிறோமா? "இப்போதே இழைத்துத் தள்ளு!" என்கிறோம். சித்திரையில் அதே கதவின் இடுக்கு வழியாகப் பல்லி உல்லாசமாகப் போய் வரும்போது, தச்சர் ஏமாற்றிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

வண்டி விஷயம் இதைவிட மோசம். அந்த நாள் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரியும். பிளக்கில் கரி படியும். காலையில் அப்பா உதைத்து உதைத்து வியர்த்துப் போவார். பிறகு பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவார். வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்துவார். அது இருமிக்கொண்டு கிளம்பும். பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன், யந்திரம் மந்திரமல்ல, கெட்டதற்குக் காரணம் உண்டு, தேடினால் அகப்படும் என்று கற்றுக்கொண்டான். எந்தப் பள்ளிக்கூடமும் அதை இவ்வளவு சுலபமாகச் சொல்லித் தந்ததில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு ஏற்பாடு வந்தது. புகை குறைந்தது, சந்தோஷம். ஆனால் டயருக்குக் காற்று, சங்கிலிக்கு எண்ணெய், பிரேக்கின் தேய்மானம், இவற்றைப் பார்ப்பதற்குமா கம்ப்யூட்டர் வேண்டும்? "முழு செட்டையும் மாற்ற வேண்டும்" என்று நீட்டும் சீட்டில், ஏன் என்று கேட்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறோம். 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது, இணையதளமும் திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் திருப்புளியைத் தொட மாட்டேன் என்பவனுக்கு அந்த உரிமை எதற்கு?

"நாமே எல்லாம் செய்துகொண்டால் தச்சன் பிழைப்பு என்ன ஆவது?" என்று சிலர் கேட்பார்கள். என்ன கருணை! கூலி கொடுக்கும் வேளையில் இந்தக் கருணாமூர்த்தி எங்கே போகிறார்? "ரெண்டு மணி நேர வேலைக்கா இவ்வளவு?" என்று வாசலில் நின்று வாதாடுகிறாரே! ஒரே ஒரு பலகையைக் கோணாமல் அறுத்துப் பார்த்தவன் அப்படி வாதாட மாட்டான். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் இருபது வருஷம் இருப்பது அவன் தோளுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால், இது சோம்பல் அல்ல. உளியும் சுத்தியலும் இன்னாருக்கு உரியவை, நமக்கல்ல என்ற பழைய ஜாதிக் கணக்கு, பட்டம் வாங்கி வேஷம் மாறி நிற்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் கைத்தொழில் என்று 1937-ல் வார்தாவில் காந்திஜி சொன்னார். 1953-ல் ராஜாஜியின் திட்டம், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று நாடு கொதித்தது நியாயம். 1954-ல் காமராஜ் அதைக் கைவிட்டதும் நியாயம். தச்சர் மகன் தலையில் உளியைக் கட்டக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டோம். குமாஸ்தா மகன் கையிலும் உளி இருக்க வேண்டும் என்ற மறுபாதிப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

மகளை ஏன் விட்டேன் என்று கேட்கிறீர்களா? கழன்ற பொத்தானும் கிழிந்த தலையணையும் அவளிடந்தானே வருகின்றன! வீட்டில் பழுது பார்ப்பவள் அவள் ஒருத்தியே. ஊசியைக் கொடுத்தவர்கள் சுத்தியலையும் கொடுக்கலாம். ஊசியை மகனுக்கும் கொடுக்கலாம்.

ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், இரண்டு உளி, ஒரு ஸ்பானர் செட். ஒரு நாள் ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தினால் இவற்றில் பாதி வந்துவிடும். குழந்தைகள் பலகையை வீணாக்கட்டும். முக்காலி கோணலாகவே வரட்டும். அதன் மேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, பிறகு எந்தத் தச்சரையும் 'டேய்' என்று கூப்பிட மாட்டான்.