மீனுக்குச் சான்றிதழ், மீனவனுக்குக் கூண்டா?

கடலுணவுப் பெருவணிகர் இன்று ஓயாது முழங்கும் சொல் 'தடமறிதல்'. எந்தக் கடலில், எந்தப் படகில், எந்த வலையில் பட்ட மீன் என்பதையெல்லாம் எழுதி வைத்துள்ளார்களாம்! நன்று. அவ்வலையை இழுத்தவன் கூலி பெற்றானா, அடி பெற்றானா என்பதை எங்கே எழுதி வைத்தார்கள்?

இந்தோனேசியாவின் பெஞ்சினாவைப் பாருங்கள்! அங்கே பர்மியத் தொழிலாளர் கூண்டில் அடைக்கப்பட்டுக் கிடந்த கொடுமையை, 2015 மார்ச்சில் அசோசியேட்டட் பிரெசு செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. ஏமாற்றித் தாய்லாந்து வழியே படகேற்றப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் பிடித்த மீன் சரக்குக் கப்பலில் தாய்லாந்து சென்றது. ஆலைகளில் பிற மீனோடு கலந்தது. அமெரிக்கக் கடைகளுக்கும், பூனைக்கிடும் தீனிக்கும் போய்ச் சேர்ந்தது. உண்மை வெளிவந்தபின் 2,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர்.

"கடல் பெரிது, தடம் அறிய இயலாது" என்பர் வணிகர். கப்பலைச் செயற்கைக்கோள் வழியும், சரக்குந்துகளை இரவிற் பின்தொடர்ந்தும் செய்தியாளப் பெண்டிர் நால்வர் அறிந்தனரே! கோடி கோடியாய் ஈட்டும் நிறுவனங்களுக்கா இயலவில்லை? மனமில்லை என்பதே உண்மை.

சட்டம் என்ன செய்தது? கட்டாய உழைப்பில் விளைந்த பொருளை அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் தடுத்தது. ஆயின், உள்நாட்டு விளைவு தேவைக்குப் போதாதெனில் அப்பொருள் நுழையலாம் என்று பின்கதவும் வைத்தது! 2016-இல்தான் அக்கதவு அடைபட்டது. அடைக்க 86 ஆண்டுகள்! 2018-இல் நடைமுறைக்கு வந்த கடலுணவு இறக்குமதிக் கண்காணிப்புத் திட்டமோ மீனின் இனத்தையும் இடத்தையும் கலத்தையும் கேட்டது, மாந்தனைக் கேட்கவில்லை.

கடலாமைக்குக் காப்பில்லை என்று 2019-இல் இந்தியக் கடல் இறாலை அந்நாடு தடுத்தது. ஆமையைக் காப்பது அறமே. வலையில் ஆமை தப்ப வழியுண்டா என்று கேட்கத் தெரிந்த பதிவேட்டுக்கு, படகில் ஆள் தப்ப வழியுண்டா என்று கேட்க நா எழாதது ஏன்?

தமிழ் நெஞ்சங்களே! கடல்சார் வாழ்வுக்கு நெய்தல் என ஒரு திணையே வகுத்த இனம் நாம். எந்நாட்டு மீனவனாயினும் அவன் நம் உறவே. ஒவ்வொரு மீன்சுமையோடும் படகாளர் பட்டியலும், அவர்தம் கூலிக் கணக்கும், கரை திரும்பிய நாளும் உடன்வரவேண்டும். அவை இல்லாச் சான்றிதழ் வெறுந்தாள். அதைக் காட்டி விற்பவன் கொடுமைக்குக் கூட்டாளி!